வீட்டிலிருந்தே படிக்கலாமா? – ஒரு பி.காம் மாணவியின் கணக்கு

போன முறை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி உங்களில் பாதிப் பேரைத் தூங்க வைத்துவிட்டேன் என்று என் வகுப்புத் தோழிகளே சொல்லிவிட்டார்கள். அதனால் இந்த முறை வரி, வட்டி எதுவும் கிடையாது. ஆனாலும் ஒரு சின்ன கணக்கு வரும். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல், பிள்ளையை வீட்டில் வைத்து இணையம் வழியாகப் படிக்க வைக்கலாமா? இதை ஏதோ அமெரிக்கக்காரர்கள் கேட்கும் கேள்வி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடந்த கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

என் சித்தி திருப்பூரில் இருக்கிறார். ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். சித்தி மகன் எட்டாம் வகுப்பு முடித்திருந்தான். நல்ல பையன். கணக்கில் கெட்டிக்காரன். சின்ன வயதிலிருந்தே பேச்சு கொஞ்சம் திக்கும். வீட்டில் எங்களிடம் பேசும்போது பெரிதாகத் தெரியாது. வகுப்பில் எழுந்து நின்றால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வான். கூடப் படிக்கிற பயல்கள் அவனுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் என்ன தெரியுமா? 'பஃபரிங்'.

கேட்டதும் எனக்கு ஒரு நொடி சிரிப்பு வந்து, அடுத்த நொடி தொண்டை அடைத்தது. அப்படி ஒரு பெயர்.

சித்தி பள்ளியில் போய்ச் சொல்லிப் பார்த்தார். "பசங்கன்னா அப்படித்தாங்க இருப்பாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். (எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள்.) அதற்குப் பிறகுதான் சித்தி கைப்பேசியில் தேட ஆரம்பித்தார். தேடினால் என்ன ஆகும்? அடுத்த நாளிலிருந்து எதைத் திறந்தாலும் 'வீட்டிலிருந்தே பள்ளி' விளம்பரம். ஒரு நாள் எனக்குப் போன் செய்தார்.

"ஏங்கண்ணு, நீ காலேஜ் படிக்கறே, இதெல்லாம் உனக்குத் தெரியும். நான் வேலைய விட்டுட்டு இவன வீட்லயே வெச்சுப் படிக்க வெக்கலாம்னு இருக்கறேன். நீ என்ன சொல்றே?"

"கொஞ்சம் டைம் குடுங்க சித்தி, பாத்துச் சொல்றேன்" என்றேன். அப்படிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் 'ஆன்லைன் படிப்பு' என்றாலே எல்லோருக்கும் 2020 ஞாபகம்தான் வரும். அது வேறு, இது வேறு. அன்றைக்குப் பள்ளி மூடியிருந்தது. அதே டீச்சர், அதே பாடம், கைப்பேசி வழியாக வந்தது. இங்கே பள்ளியே கிடையாது. பெற்றோர் பொறுப்பெடுத்துக்கொள்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் வீடியோ, கட்டண வகுப்பு எல்லாவற்றையும் கருவியாக வைத்துக்கொண்டு பிள்ளை படிக்கிறது. பரீட்சையை மட்டும் ஏதாவது ஒரு போர்டில் தனித்தேர்வராக எழுதுகிறது.

அமெரிக்காவில் இதற்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. ஜான் ஹோல்ட் என்ற ஆசிரியர், பள்ளிகளைத் திருத்த முடியாது என்று அலுத்துப்போய், 1977-இல் இதற்கென்றே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். 1993 வாக்கில் 50 மாநிலங்களிலும் வீட்டுப் பள்ளி சட்டப்படி செல்லும் என்றாகிவிட்டது. கொரோனா வந்ததும் எண்ணிக்கை எகிறியது. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆய்வில், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் வீட்டுப் பள்ளி நடத்தியவை 2020 வசந்த காலத்தில் 5.4 சதவீதம், சில மாதங்களிலேயே 11.1 சதவீதம். கறுப்பினக் குடும்பங்களில் 3.3-லிருந்து 16.1 சதவீதம்! பள்ளியில் தங்கள் பிள்ளை சரியாக நடத்தப்படவில்லை என்ற ஆதங்கமும் இந்த முடிவுக்கு ஒரு காரணமாக அங்கே பேசப்படுகிறது. சித்தியின் ஆதங்கமும் அதேதான்.

ஜெர்மனி நேர் எதிர். அங்கே பிள்ளை பள்ளிக்குப் போயே ஆகவேண்டும். வீட்டில் வைத்துப் படிக்கவைத்த ஒரு குடும்பத்தின் நான்கு பிள்ளைகளை 2013-இல் அதிகாரிகள் மூன்று வாரம் தனியே கொண்டுபோய் வைத்தார்கள். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2019 ஜனவரியில், அரசு செய்ததில் மனித உரிமை மீறல் இல்லை என்று தீர்ப்பு வந்தது. பலவிதமான மனிதர்களோடு சேர்ந்து வளர்வதும் கல்வியின் பகுதிதான் என்பது அவர்கள் வாதம்.

சரி, நம் நாட்டில்? 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதில் 10-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. அதனால் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் குடும்பங்கள் சத்தமில்லாமல் அதைச் செய்துகொண்டிருக்கின்றன.

பரீட்சைக்கு வழி, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். 1989-இல் வந்தது. 14 வயது நிரம்பியிருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம் போதும். ஒரு தடவை பதிந்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. இந்தத் தடவை இரண்டு பாடம், அடுத்த தடவை இரண்டு பாடம் என்று பிரித்துப் பிரித்துக்கூட எழுதலாம். (நம் செமஸ்டருக்கும் இப்படி ஒரு வசதி இருந்தால்!) பத்தாம் வகுப்பிலேயே அக்கவுண்டன்சி, ஓவியம், உளவியல் எல்லாம் எடுக்கலாம். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுதக்கூடாது என்று வந்த விதியை 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆக, "அந்த சர்டிஃபிகேட் செல்லாது" என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னால் நம்பவேண்டாம்.

சித்தியை அதிகம் ஈர்த்தது வாட்ஸ்அப்பில் வந்த மும்பைப் பெண் மாளவிகா ராஜ் ஜோஷியின் கதை. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவர். வீட்டிலிருந்தே படித்து, சர்வதேசக் கணினி ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வாங்கி, 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இடம் பிடித்தார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் இங்கே ஐ.ஐ.டி.யில் அவர் சேர வழியில்லை. கதை உண்மைதான். ஆனால் அதே கதையில் வேகமாகக் கடந்துபோகிற ஒரு வரி உண்டு: மகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக அவருடைய அம்மா தன் வேலையை விட்டார்.

இந்த வரியில்தான் நான் நின்றேன். பி.காம் படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் இப்போது கவனிக்கவும் :-)

ஒரு வருடக் கணக்கு போட்டேன். எல்லாம் சித்தியே சொன்ன எண்கள்.

பள்ளிக்குப் போனால்: கட்டணம் 48,000, வேன் 12,000, புத்தகம், சீருடை, ஷூ 8,000. மொத்தம் 68,000 ரூபாய்.

வீட்டில் படித்தால்: திறந்தநிலைப் பள்ளிக் கட்டணமும் புத்தகமும் சுமார் 5,000. லேப்டாப் 40,000, ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்து நேர்கோட்டு முறையில் தேய்மானம் 8,000. பிராட்பேண்ட் மாதம் 700, வருடத்துக்கு 8,400. மூன்று பாடத்துக்கு ஆன்லைன் டியூஷன் 30,000. மொத்தம் 51,400 ரூபாய்.

மிச்சம் 16,600 ரூபாய். விளம்பரத்தில் காட்டும் கணக்கு இதோடு முடிந்துவிடும்.

நம் பாடப்புத்தகத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று படித்தோம், ஞாபகம் இருக்கிறதா? ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக எதை இழக்கிறோமோ அதன் மதிப்பு. சித்தியின் சம்பளம் மாதம் 22,000. வருடத்துக்கு 2,64,000. மிச்சமான 16,600-ஐக் கழித்தால், குடும்பத்துக்கு நிகர இழப்பு 2,47,400 ரூபாய். இதில் தீபாவளி போனஸ் சேர்க்கவில்லை, பி.எஃப். சேர்க்கவில்லை. சித்தி அங்கே சேர்ந்து மூன்றரை வருடம் ஆகிறது. ஐந்து வருடம் முடித்தால்தான் கிராஜுவிட்டி. இப்போது நின்றால் அதுவும் போச்சு. மூன்று வருடம் கழித்துத் திரும்ப வேலைக்குப் போனால் அதே நாற்காலி காத்திருக்குமா? 'டாலி' தெரிந்த இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். (அதில் நானும் ஒருத்தியாக இருப்பேன்.)

இன்னொன்றும் கேட்டேன். "வேலைய விடறதுன்னா ஏன் சித்தி நீங்க விடணும்? சித்தப்பா விடலாமே?"

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தார். "நல்லாக் கேட்டே போ" என்றார். சித்தப்பா ஒன்றும் மோசமான மனிதர் இல்லை. அந்தக் கேள்வி அந்த வீட்டில் யாருக்குமே தோன்றவில்லை, அவ்வளவுதான். வீட்டுப் பள்ளி என்பதில் 'வீடு' என்ற சொல்லுக்கு நடைமுறையில் 'அம்மா' என்று அர்த்தம். வெளிநாட்டிலும் பெரும்பாலும் இதே கதைதான் போலிருக்கிறது.

பணம் மட்டுமே பார்த்து முடிவு செய்யலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவேண்டும். பிள்ளை தினமும் அழுதுகொண்டு போனால் இரண்டரை லட்சம் என்ன, எவ்வளவு போனாலும் பரவாயில்லை என்றுதான் எந்த அம்மாவும் சொல்வார். ஆகவே அடுத்த கேள்வி, வீட்டில் இருந்தால் அவன் நன்றாக இருப்பானா?

இதற்கு என் சொந்த அனுபவம் கொஞ்சம் உதவும். நான் பத்தாம் வகுப்பு படித்த 2020–21-இல் பள்ளியே இல்லை. ஜனவரி 19-இல் திறந்தார்கள். ஒரு வகுப்பில் 25 பேர்தான். பிப்ரவரியில் எல்லோரும் பாஸ் என்று அறிவிப்பு வந்தது. என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மார்க்கே கிடையாது, தேர்ச்சி என்று மட்டும்தான் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரே ஸ்மார்ட்ஃபோன், அது அப்பாவுடையது. அவர் வேலைக்குப் போனால் என் வகுப்பும் கூடவே போய்விடும். அப்புறம் கல்வித் தொலைக்காட்சிதான் கதி. 2021-இல் வந்த 'அசர்' ஆய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. கிராமப்புறங்களில் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் 67.6 சதவீதம் பேர் வீட்டில் ஸ்மார்ட்ஃபோன் இருந்தது. அப்படிப்பட்ட வீடுகளிலும் நான்கில் ஒரு பிள்ளைக்கு மேல் அது கைக்குக் கிடைக்கவில்லை.

இணையத்தைக் குறை சொல்லவில்லை. பதினொன்றாம் வகுப்பில் பற்று எது, வரவு எது என்று புரியாமல் நான் முழித்துக்கொண்டிருந்தபோது, யாரோ ஓர் ஆசிரியர் தமிழில் போட்டிருந்த வீடியோவை ஆறு தடவை ஓட்டிப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டேன். வகுப்பில் ஆறு தடவை கேட்டால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். கான் அகாடமி பிறந்த கதையும் இதுதானே? பாஸ்டனில் முதலீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த சல்மான் கான், நியூ ஆர்லியன்ஸில் இருந்த உறவுக்காரச் சிறுமி நாதியாவுக்கு 2004-இல் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 2006-இல் அதையே யூடியூபில் ஏற்றினார். ஆனால் நாதியா பள்ளிக்கும் போய்க்கொண்டுதான் இருந்தாள். பள்ளி தர முடியாத ஒன்றை அந்த வகுப்பு தந்தது.

நம் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் தருவது பாடம் மட்டும் இல்லை. எத்தனையோ பிள்ளைகளுக்கு அது மதிய உணவு. 2022 செப்டம்பரிலிருந்து தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும்கூட. என் சித்தி மகனுக்குச் சோற்றுக்குக் குறையில்லை. ஆனால் அவன் பக்கத்தில் உட்காரும் பையன் யார், என்ன சாதி, அவன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதையெல்லாம் சித்தி தேர்ந்தெடுக்கவில்லை. வீட்டில் வைத்தால் எல்லாவற்றையும் நாம்தான் தேர்ந்தெடுப்போம். நாம் தேர்ந்தெடுத்தால் எப்படித் தேர்ந்தெடுப்போம் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவும் யோசித்த பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. சட்டம் பார்த்தாயிற்று, கணக்கு போட்டாயிற்று, அமெரிக்கா ஜெர்மனி எல்லாம் போய்வந்தாயிற்று. இந்தப் பயலை யாராவது கேட்டார்களா?

மே மாதம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது மொட்டைமாடியில் வைத்துக் கேட்டேன். அவன் நிறைய நேரம் எடுத்துக்கொண்டான். நான் நடுவில் புகுந்து வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை. (திக்கிப் பேசுபவர்களுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்: வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது.) அவன் சொன்னது இதுதான்:

"ஸ்கூல் வேண்டாம்னு இல்லக்கா. தமிழ் பீரியட்ல எந்திரிச்சுப் படிக்கச் சொல்றாங்க. அது மட்டும் வேண்டாம்."

கணக்குப் பீரியட் பிடிக்குமாம். விளையாட்டுப் பீரியட் ரொம்பப் பிடிக்குமாம். பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிற பையன் அவனை ஒரு நாள்கூட அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். வாரத்துக்கு ஒரு சில பீரியட், அதில் ஒரு பாரா வாசிக்கும் நேரம். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பயந்து நாங்கள் மொத்தப் பள்ளிக்கூடத்தையும் இழுத்து மூடப் பார்த்தோம். அந்த இரண்டு நிமிடம் அவனுக்குச் சின்ன விஷயமா என்றால், இல்லை. முந்தின நாள் இரவே தூக்கம் போய்விடும் என்றான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சித்தியும் சித்தப்பாவும் (ஆமாம், இந்தத் தடவை இருவரும்) அவனை ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம் அழைத்துப் போனார்கள். அவர் ஒரு விஷயம் சொன்னார். இருவர் சேர்ந்து ஒரே நேரத்தில் வாசித்தால் பெரும்பாலோருக்குத் திக்கல் வெகுவாகக் குறையுமாம். பேசாமல் ஒதுங்க ஒதுங்கப் பயம்தான் கூடுமாம். ஜூனில் பள்ளி திறந்ததும் இருவரும் போய்த் தமிழம்மாவையே நேரில் பார்த்துச் சொன்னார்கள். இப்போது அவன் முறை வரும்போது பக்கத்துப் பையனும் சேர்ந்து எழுந்து நிற்கிறான். இருவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். தெரபிஸ்டிடம் போவது வாரத்தில் ஒரு நாள். இரவில் கணக்குக்கு யூடியூப்.

எல்லாம் சுபம் என்று சொல்லமாட்டேன். அந்தப் பட்டப்பெயர் இன்னும் போகவில்லை. சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறான். சித்தி அந்தத் திறந்தநிலைப் பள்ளி விவரங்களையெல்லாம் ஒரு ஃபைலில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார். வைத்திருக்கட்டும் என்றுதான் நானும் சொன்னேன். நாளைக்கே நிலைமை மோசமானால் அந்தக் கதவு திறந்திருக்கவேண்டும். விளையாட்டு வீரர்கள், நீண்ட நாள் நோயோடு போராடும் பிள்ளைகள், பள்ளியால் உண்மையிலேயே நொறுங்கிப்போனவர்கள் என்று எத்தனையோ பேருக்கு அது நல்ல வழி. அப்படிப் படித்து மேலே வந்தவர்களை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த வழியில் இறங்குவதற்கு முன்னால் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். பிள்ளை எதைப் பார்த்து ஓடுகிறது, அந்த ஒன்றை மட்டும் சரிசெய்ய முடியுமா? வீட்டில் யாருடைய வேலை, யாருடைய நேரம் இதற்குப் போகப்போகிறது, அதைக் கணக்கில் எழுதினோமா? கடைசியாக, பிள்ளையைக் கேட்டோமா?

முதல் இரண்டுக்கும் என்னைப் போல் யாராவது கால்குலேட்டரோடு வந்து உதவலாம். மூன்றாவதற்குக் கொஞ்சம் பொறுமையாகக் காத்திருக்கவேண்டும். பதில் வர நேரமாகும்.

உங்களில் யாராவது வீட்டிலிருந்தே படித்தவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நான் சொன்னதற்கு மாறாக இருந்தாலும் சந்தோஷம்தான். அடுத்த வாரம் இன்டர்னல் தேர்வு, அதனால் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமாகலாம். வரட்டுமா!